படி வைத்த ஊஞ்சல்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். காலுக்குப் போக வேண்டிய பலம் எல்லாம் நாக்குக்குப் போய்விட்டது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். என் எதிரில் நின்று அதைச் சொன்னவர் ஒருவருமில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுத உட்காரும்போது கோபம் ஆறியிருக்க வேண்டும் என்று படிக்கிறவர்கள் எதிர்பார்க்கலாம். ஆறவில்லை. ஆறிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

சின்னக் குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் என் இரண்டு காலும் துவண்டுவிட்டன. இளம்பிள்ளை வாதம். அறுபதுகளில் எங்கள் பக்கத்தில் அது அதிசயமில்லை. தெருவுக்கு ஒரு குழந்தை அப்படி இருந்தது. நான் தரையில் கையை ஊன்றி நகர்வேன். கல் குத்தாமல் இருக்க இரண்டு கையிலும் ரப்பர் செருப்பு மாட்டிக்கொள்வேன். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் காலையில் பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள். பட்டு நூல் தெரு நீளத்துக்கு இழுத்து நிற்கும். மற்ற பிள்ளைகள் அதற்குக் கீழே குனிந்து, வளைந்து, நூலில் தலை பட்டு திட்டு வாங்கிப் போவார்கள். நான் ஒரு நூலையும் தொடாமல் போய்விடுவேன். அந்த ஒரு விஷயத்தில் தெருவே எனக்குக் கீழே.

வீட்டில் அப்பாவின் தறி குழித்தறி. உடலும் கரையும் வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலை நெய்யும்போது, வலதுபக்கக் கரைக்கு ஊடை நூல் ஓடும் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். குழி ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே தொங்கவிட்டால் போதும். உட்கார்ந்த பிறகு அப்பாவின் காலும் என் காலும் ஒன்றுதான், இரண்டும் வெளியே தெரியாது. சேலை எடுக்க வந்த ஒரு அம்மாள் அரைமணி நேரம் என்னோடு பேசிவிட்டு, "போயி தண்ணி கொண்டா கண்ணு" என்றாள். அவளுக்கு நான் நடக்காத பெண் என்று தெரியவே இல்லை. அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தெருக்கோடியில் ஒரு பூங்கா இருந்தது. பூங்கா என்பது பெயர். ஒரு வேப்பமரம், ஒரு வறண்ட தண்ணீர்த்தொட்டி, துருப்பிடித்த விளையாட்டுச் சாமான்கள். சறுக்குமரத்தின் தகரம் அடியில் ஓட்டையாகி, சறுக்குகிறவர்களின் டிராயரைக் கிழித்து அனுப்பும். இரண்டு பேர் மாறி மாறி ஏறி இறங்கும் ஏற்றப்பலகைக்கு ஒரு பக்கம் பிடி இல்லை. இரண்டு ஊஞ்சலில் ஒன்றுக்குச் சங்கிலி மட்டும் மிச்சம். இதையெல்லாம் காவல் காக்க ஒரு காவல்காரர், அவர் கையில் ஒரு பிரம்பு. திருட்டுப் போக அங்கே எதுவும் இல்லாததால் அவர் பிள்ளைகளை அடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் விடுவாள். விளையாட்டில் என்னை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாசூக்கு கிடையாது. வேலை என்னவென்றால் எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொள்வது. செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான் அந்த ஒற்றை ஊஞ்சலையே பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது இரக்கப்பட்டு என்னைத் தூக்கி அதில் வைப்பார்கள். வைத்தவருக்கு அலுத்ததும் இறக்கிவிடுவார்கள். எனக்கு அலுக்கிறதா என்று எவரும் கேட்டதில்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. யார் கையும் என் மேல் படாமல் நானாக ஊஞ்சலில் ஏற வேண்டும், ஆட வேண்டும், போதும் என்று எனக்குத் தோன்றும்போது நானாக இறங்க வேண்டும். அதற்கு மேல் எந்த ஆசையும் அந்த வயதில் எனக்கு இருந்ததாக நினைவில்லை.

ஒருமுறை மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டர் அம்மாள் வந்தார். பள்ளிக்கூடத்தில் எங்களைப் போன்ற பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பார்த்தார். போகும்போது ஊர்ப் பெரியவர்களிடம், அந்தப் பழைய பூங்காவை எடுத்துவிட்டு எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடுகிற மாதிரி ஒன்று கட்டுங்கள், நடக்க முடியாத பிள்ளைகளும் ஊஞ்சல் ஆடட்டும் என்று சொன்னார். சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார். அந்த அம்மாள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொன்னது நல்ல வார்த்தை. அது யார் காதில் விழுந்தது என்பதில்தான் கோளாறு.

உடனே ஒரு கமிட்டி. எங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்தால் கமிட்டி, அதில் ஒருவர் பட்டுக்கடை முதலாளியாக இருந்தால் அவர் தலைவர். இந்தத் தலைவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய நாமம். தான தர்மத்தில் பெயர் எடுத்தவர். எதைக் கொடுத்தாலும் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுத்தான் கொடுப்பார். கூட்டம் வேப்பமரத்தடியில் நடக்கும். பேச்சைவிட போண்டா அதிகம். நான் செருப்புக் காவல் காத்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, குழந்தைகளின் மகிழ்ச்சி பற்றிப் பேசினார்கள். கூட்டம் நடக்கும்போது பிள்ளைகள் உள்ளே வரக் கூடாது என்று காவல்காரருக்கு உத்தரவு.

ஒரு கூட்டத்துக்கு என்னைக் கொண்டுவரச் சொன்னார்கள். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் உட்காரவைத்தாள். எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்க்க நேரமில்லை. தலைவர் மட்டும் குனிந்து, "இன்னா பாப்பா, உனக்கு ஊஞ்சல் எப்படி இருக்கணும், சொல்லு" என்றார். பதிலுக்காகக் கேட்கவில்லை, அது எனக்கு அப்போது தெரியாது. நான் பதில் சொன்னேன்.

"கீழ குழி வெட்டணும். பலகை தரையோட தரையா இருக்கணும். நான் நவுந்து வந்து உக்காந்து காலைக் குழிக்குள்ள தொங்கவுட்டுக்குவேன். எங்க தறி மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் இன்னும் மோசம். தலைவர் என் கன்னத்தைத் தட்டி, "நல்ல காரியத்துக்கு யாராவது குழி வெட்டுவாங்களாம்மா? அபசகுனம்" என்றார். இதைச் சொன்னவர் கடையில் அடுக்கியிருந்த ஒவ்வொரு கல்யாணச் சேலையும் ஒரு குழியிலிருந்து வந்தது. மாலை மாற்றிக்கொள்கிற அத்தனை மணப்பெண்களும் குழியில் உட்கார்ந்து நெய்ததைத்தான் கட்டிக்கொள்கிறார்கள். அந்தக் குழி அவருக்கு அபசகுனமாகத் தெரியவில்லை. மழை பெய்தால் குழியில் தண்ணீர் நிற்கும் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் அது நியாயமான பேச்சு. அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"இன்னும் ரெண்டு போண்டா குடுங்கப்பா கொழந்தைக்கு" என்றார் தலைவர். கூட்டம் முடிந்தது.

வேலை தொடங்கியது. பழைய சாமான்களைப் பிடுங்கி ஒரு மூலையில் போட்டார்கள். சறுக்குமரம் போயிற்று, ஏற்றப்பலகை போயிற்று, ஆடிக்கொண்டிருந்த அந்த ஒற்றை ஊஞ்சலும் போயிற்று. பிறகு நடுவில் செங்கல் கட்டு எழுந்தது. இடுப்பு உயரத்துக்கு மேடை. மேடையின் நாலு மூலையிலும் தூண். தூணுக்கு மேல் கூரை. மேடைக்கு ஏற முன்பக்கம் படிக்கட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர், அதில் யாளி மாதிரி ஏதோ ஒன்று.

வெளியூர்க்காரருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்கள் ஊர்க்காரருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. காஞ்சிபுரத்தில் ஊஞ்சல் என்றால் அது சாமியின் ஊஞ்சல். உற்சவத்தில் பெருமாளும் தாயாரும் ஆடுவது மண்டபத்தில்தான். ஊஞ்சலென்று சொன்னதும் எங்கள் கொத்தனார் கை தானாக மேடை கட்டும், தூண் நிறுத்தும், படி வைக்கும். ஊஞ்சலைத் தரையில் வைப்பது மரியாதைக் குறைவு என்று அவர்கள் ரத்தத்திலேயே ஊறியிருந்தது. நடக்க முடியாத பிள்ளைகளுக்காக என்று ஊரே கூடி, ஊரே பணம் போட்டு, படி ஏறினால்தான் போகக்கூடிய ஒரு ஊஞ்சலைக் கட்டியது. முட்டாள்தனத்துக்கும் ஒரு சாஸ்திரம் வேண்டும். எங்களிடம் அது இருந்தது.

அம்மா ஒருத்திதான் கேட்டாள். ஒருநாள் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, காவல்காரரிடம், "படி எதுக்குங்க?" என்றாள்.

"நல்லா கேட்டியேம்மா. படி இல்லாம எப்படி ஏறுவாங்க?" என்றார் அவர்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பாவிடம் வீட்டில் சொன்னபோது அவர் தறியை நிறுத்தாமலே, "ஊஞ்சல்னா மண்டபம் இல்லாமயா?" என்று சொல்லிவிட்டார். என் அப்பா நல்லவர். ஆனால் அவரும் அந்த ஊர்க்காரர்தானே.

திறப்பு விழாவுக்கு நாதஸ்வரம், வாழைமரம், மாவிலைத் தோரணம். முகப்பில் பெரிய போர்டு: எல்லாக் குழந்தைகளுக்குமான விளையாட்டுப் பூங்கா. அதற்குக் கீழே கொடுத்தவர்கள் பெயர், எழுத்து சின்னதாகி, சின்னதாகி, புல்வரைக்கும் வந்தது. புல்லில் ஒரு பலகை: புல்லை மிதிக்காதீர். எனக்குத் தலைவர் கடையிலிருந்து பட்டுப் பாவாடை வந்திருந்தது, அன்றைக்கு மட்டும் உடுத்த. அரக்குச் சிவப்பு, கரை நிறைய சரிகை. அம்மா அதை எனக்குக் கட்டிவிட்டு, நான் நகரப்போகிற தரையை ஒருமுறை துடைத்தாள். அழுக்காக்கிவிடாதே என்று அர்த்தம்.

ஊஞ்சலில் முதலில் உட்கார நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விழாவே எனக்காக என்று நாலு பேர் மைக்கில் பேசிவிட்டார்கள். கடைசியில் தலைவரின் பேத்தியை ஓடிவரச் சொன்னார்கள். அவள் படியில் தடதடவென்று ஏறி உட்கார்ந்தாள்.

"முதல்ல நல்லா நடக்கற கொழந்தை உக்காரட்டும்பா. தொடக்கம் நல்லா இருக்கணும்" என்று தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். நான் தரையில் இருக்கிறவள். பெரியவர்கள் தங்களுக்குள் மெதுவாகப் பேசுவதெல்லாம் எனக்குத்தான் நன்றாகக் கேட்கும்.

பிறகு என் முறை. அம்மா என்னைத் தூக்க வந்தாள். அவளைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டார்கள். போட்டோவில் பழைய சேலை விழும் என்று நினைத்திருப்பார்கள். நான் நகர்ந்து படிவரைக்கும் போனேன். முதல் படியில் கையை வைத்தபோது காவல்காரர், "செருப்பைக் கழட்டும்மா, மண்டபம்" என்றார். என் கையில் இருந்த செருப்பைச் சொன்னார். நான் கழற்றிக் கீழே வைத்தேன். அதற்குள் யாரோ இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாக என்னைத் தூக்கிவிட்டார்கள். கூட்டத்தில் ஒருவர், "பெருமாள் புறப்பாடு மாதிரியே இருக்குதுபா" என்றார். எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. ஒரு மாலையைக்கூட என் கழுத்தில் போட்டார்கள்.

பலகையில் வைத்துத் தள்ளினார்கள். பெரியவர்கள் தள்ளுகிற தள்ளு. எனக்குக் காலை ஊன்றி நிறுத்த முடியாது, உடம்பை வளைத்து அடக்கத் தெரியாது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு "போதும், போதும்" என்று கத்தினேன். நாதஸ்வரத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. வாய் திறந்திருந்ததைச் சிரிப்பு என்று நினைத்துப் போட்டோக்காரர் எடுத்தார். அந்தப் போட்டோவைப் பின்னால் தலைவரின் கடையில் மாட்டியிருந்தார்கள். பார்க்கிறவர்கள், குழந்தைக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்வார்களாம்.

பிறகு டிபன். பந்தலில் இலை போட்டாகிவிட்டது என்று ஒரு குரல் வந்தது. ஊர் மொத்தமும் திரும்பிப் போய்விட்டது. தூக்கிவைத்த இரண்டு பேரும் போனார்கள், தள்ளினவர்களும் போனார்கள், நாதஸ்வரமும் போயிற்று. என்னை ஊஞ்சலில் வைத்ததை எல்லோரும் மறந்துபோனார்கள். ஊஞ்சல் தானாக ஆடி, தானாக நின்றது. இடுப்பு உயர மேடை, அதற்கு மேல் பலகை. கழுத்தில் மாலையோடு நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். பொங்கலுக்கு உப்பு போதவில்லை என்று பந்தலில் யாரோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தது கேட்டது. என் வாழ்நாளில் அதுவரைக்கும் நான் யாரையும் அவ்வளவு வெறுத்ததில்லை.

சங்கிலியைப் பிடித்துச் சறுக்கிக் கீழே விழுந்தேன். விழுந்ததுதான், இறங்கினேன் என்று சொல்ல முடியாது. முட்டி சிராய்த்தது. மேடையில் நகர்ந்து வந்து, கீழே பார்த்தபடி உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாக இறங்கினேன். சொரசொரப்பான புதுச் சிமெண்டு பாவாடையைப் பிடித்து இழுத்தது. சரிகை பிரிந்து இழை இழையாக வந்தது. பாதிப் படியில் இருந்தபோது அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். தூக்கக் கையை நீட்டியவள் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். நான் கடைசிப் படிவரைக்கும் வருகிற வரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வந்ததும் என் செருப்பை எடுத்து என் கையில் மாட்டிவிட்டாள். ஊரில் அன்றைக்கு ஒரு மனுஷியாவது இருந்தாள்.

தலைவர் கைகழுவிவிட்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. பாவாடையைப் பார்த்தார். "அடடா, சரிகை போச்சே" என்றார்.

அதற்கப்புறம் நடந்தது யாருக்கும் ஆச்சரியமாக இருக்கக் கூடாது. மண்டபம் இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது, ஆடத்தான் ஆளில்லை. எங்களைப் போன்ற பிள்ளைகளால் ஏற முடியாது. ஏற முடிந்த பிள்ளைகளை, இது ஊனமுற்ற குழந்தைகளுக்கு என்று சொல்லிக் காவல்காரர் விரட்டினார். யாரோ வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு வைத்தார்கள். யாரோ பலகையில் ஒரு பெருமாள் படம் வைத்துப் பூப் போட்டார்கள். கொஞ்ச நாளில் தலைவர் ஒரு முழ உயரத்தில் ஐம்பொன்னில் பெருமாள் செய்து கொடுத்தார், பெயரைப் பீடத்தில் வெட்டி. காவல்காரர் பிரம்பை வைத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார், பூசாரி ஆகிவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்கள் ஊரில் எதைப் பிடித்தாலும் பெருமாளாக முடியும். போர்டை மட்டும் எடுக்கவில்லை. ஒரு வகையில் அது பொய்யும் இல்லை. எல்லாக் குழந்தைகளையும் ஒன்றுபோல வெளியே நிறுத்தியாகிவிட்டதே.

எழுபதுகளில் எனக்கு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இரண்டு காலுக்கும் இரும்புச் சட்டம் போட்டார்கள். கீழே தோல் ஷூ, மேலே தொடைவரைக்கும் கம்பி, வார். அக்குளில் ஊன்ற இரண்டு கட்டை. அதை வைத்து நடக்கப் பழகுவதற்குள் நான் விழாத இடமில்லை. நடக்க வந்ததும் படி ஏறப் பழகினேன். ஊரெல்லாம் படியாகக் கட்டிவைத்திருக்கிறார்களே, வேறு வழி? எனக்கு இருபது வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு மத்தியான நேரம் தனியாக அந்தப் பூங்காவுக்குப் போனேன். யாரும் இல்லை. கட்டையை ஊன்றி, கைப்பிடிச் சுவரைப் பிடித்து, யார் கையும் படாமல் மண்டபத்தின் மேல் ஏறி நின்றேன். அப்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கு அந்த ஊஞ்சல் வேண்டியிருந்தது.

பலகையில் பெருமாள் இருந்தார். ஏற முடியாதபோது படி கட்டினார்கள். ஏற முடிந்தபோது இடமில்லை.

சத்தம் கேட்டுக் காவல்காரர் அறையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "வாம்மா. நல்லா நடக்கறியே" என்றார். உடனே கீழே பார்த்து, "ஷூவைப் போட்டுக்கினு ஏறக் கூடாதும்மா, சாமி இருக்குது" என்றார்.

"இது ஷூ இல்லப்பா, என் காலு" என்றேன். நான் பெருமாளைக் காட்டி, "இவரு எப்படி ஏறினாரு?" என்று கேட்டேன்.

"நான்தான் காலைல தூக்கியாந்து வெப்பேன். ராத்திரி தூக்கினு போய் ரூம்ல வெச்சுப் பூட்டிடுவேன்."

"நடுவுல எறங்கணும்னா?"

அவர் சிரித்தார். "சாமிக்கு இன்னாம்மா அவசரம்?"

நான் ஒரு கட்டையைத் தூணில் சாய்த்துவிட்டு, சங்கிலியைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினேன். பெரியவர்கள் தள்ளுகிற தள்ளு. மாலை ஒருபக்கம் சரிந்தது. பீடம் பலகையில் கடகடத்தது. காவல்காரர் பதறிப்போய்ப் படியில் ஓடிவந்தார்.

"போதும்மா, போதும், நிறுத்து, விழுந்துடப்போறாரு."

"அவரைச் சொல்லச் சொல்லு. நிறுத்தறேன்" என்றேன்.

பெருமாள் சொல்லவில்லை. கழுத்தில் மாலையோடு, திறப்பு விழாப் போட்டோவில் நான் இருப்பதுபோல, ஆடிக்கொண்டே இருந்தார். நான் கட்டையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, நானாகக் கீழே இறங்கினேன். அவரால் அது முடியாது.